தென்னை ஊரில் பொட்டாசியக் கணக்கு

ஊத்தான் மெலிந்தாங்கில் இருந்து பாகான் டத்தோ வரைக்கும் சாலையின் இரண்டு பக்கமும் தென்னையும் செம்பனையும்தான். பேராக்கின் இந்தக் கடலோரப் பகுதி தேங்காய்க்குப் பேர்போனது. இங்கே இளநீர் என்பது தாகத்துக்கு மட்டும் குடிக்கிற பொருள் கிடையாது. காய்ச்சல் என்றால் இளநீர். வயிற்றுப்போக்கு என்றால் இளநீர். அம்மை போட்டால் இளநீர். விருந்தாளி வந்தால் பின்கட்டு மரத்திலிருந்து ஒரு குலை இறங்கும். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிற வரைக்கும் இதில் ஒரு தப்பும் இல்லை. சிறுநீரகம் செயலிழந்த ஒருவருக்கு அதே இளநீர், அதில் இருக்கும் பொட்டாசியம் என்ற சத்தினால், இதயத்தையே நிறுத்திவிடலாம்.

என் அம்மாவுக்கு வாரம் மூன்று முறை தெலுக் இந்தானில் டயாலிசிஸ். வீட்டுச் சமையல் என் பொறுப்பு. அம்மாவுக்கு இனிப்பு நீரில் (நீரிழிவில்) ஆரம்பித்து, ரத்தக் கொதிப்பும் சேர்ந்து, கடைசியில் சிறுநீரகத்தில் வந்து நின்றது. மலேசியாவில் புதிதாக டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வந்த வழி இதுவே. 2018இல் எடுத்த தேசிய ஆய்வின்படி, நாட்டின் வயது வந்தவர்களில் 15 விழுக்காட்டுக்கும் மேலானவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது.

ஆரம்பத்திலேயே எங்கள் கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். சாப்பிடக் கூடாதவை: வாழைப்பழம், தக்காளி, உருளைக்கிழங்கு, கீரை, பருப்பு, தேங்காய்ப்பால், இளநீர், டுரியான். ஒரு தோட்டத்து வீட்டின் மொத்தச் சமையலும் அந்தத் தாளில் இருந்தது. பட்டியல் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் பட்டியலை மட்டும் கொடுத்தால் சிலர் பயந்துபோய் எதையும் தொடாமல் வற்றிப்போகிறார்கள். இன்னும் சிலர் கொஞ்ச நாள் அடக்கி வைத்துப் பார்த்துவிட்டு, ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று எல்லாவற்றையும் பழையபடி சாப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டு விதமானவர்களையும் மையத்தின் காத்திருப்பு அறையில் பார்க்கிறேன். பொட்டாசியம் எங்கிருந்து வருகிறது, உடம்பில் எங்கே தங்குகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று நோயாளிக்கும் சமைக்கிறவருக்கும் புரியும்படி சொல்லிக் கொடுத்தால், பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் பொட்டாசியம் புதுச் சரக்கு இல்லை. செம்பனைத் தோட்டத்தில் உரம் போடுகிற கும்பலில் வேலை செய்தவர் அவர். இடுப்பில் பேசினை வைத்துக்கொண்டு, மரத்துக்கு மரம் செங்கல் நிறக் குருணையை அள்ளி வீசியிருக்கிறார். அந்தக் குருணைதான் பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் குளோரைடு. செம்பனைக்கு வேறு எந்தச் சத்தையும்விட இதுதான் அதிகம் வேண்டும். இது குறைந்தால் குலை சிறுக்கும். நான் விளக்கியபோது அம்மா கேட்டார்: “மரத்துக்குப் போட்டா காய்க்குது. எனக்கு மட்டும் ஏன்மா ஆகாது?”

அம்மாவுக்கும் அது வேண்டும். அது இல்லாமல் ஒரு தசைகூட அசையாது. நம் உடம்பில் இருக்கிற பொட்டாசியத்தில் ஏறக்குறைய 98 விழுக்காடு செல்களுக்கு உள்ளே இருக்கிறது. வெளியே, ரத்தத்திலும் செல்களைச் சுற்றியுள்ள நீரிலும் இருப்பது 2 விழுக்காடுதான். ரத்தப் பரிசோதனையில் நாம் பார்க்கும் எண் அந்த 2 விழுக்காட்டைப் பற்றியது. ஒரு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் (ரத்தத்தில் கரைந்திருக்கும் பொருளை எண்ணும் அலகு) வரை இருந்தால் சரி. உள்ளே நிறைய, வெளியே கொஞ்சம் என்ற இந்த வித்தியாசம்தான் நரம்புக்கும் தசைக்கும் இதயத்துக்கும் மின்னோட்டத்தைக் கொடுக்கிறது. வெளியே இருக்கும் அளவு கொஞ்சம் ஏறினாலும் வித்தியாசம் சுருங்கி, இதயத்தின் துடிப்பு தடுமாறிவிடும்.

இந்த வித்தியாசத்தைக் கட்டிக்காப்பது ஒவ்வொரு செல்லின் சுவரிலும் இருக்கிற ஒரு பம்பு. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும்; ஓய்வே கிடையாது. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கோ 1957இல் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997இல், அதற்காக நோபல் பரிசு கிடைத்தது. அவர் ஆராய்ந்தது நண்டுக் கால்களின் நரம்புகளை. பாகான் டத்தோ பக்கம் நண்டு வாங்கப் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்கிற விதம் இது. இங்கே நிலம் தாழ்வு. பெருமழை பெய்தால் தண்ணீர் முதலில் தோட்டத்துக் கால்வாய்களில் நிரம்பும். அப்புறம் கடல் வற்றும் நேரம் பார்த்து மதகைத் திறந்து வடியவிடுவார்கள். சாப்பிட்ட பொட்டாசியமும் அப்படித்தான். சாப்பிட்டவுடன் சுரக்கும் இன்சுலின் அதைச் செல்களுக்குள் தள்ளி வைக்கிறது, அது கால்வாய். அப்புறம் பல மணி நேரம் எடுத்துக்கொண்டு சிறுநீரகம் மெல்ல வெளியேற்றுகிறது, அது மதகு. சிறுநீரகம் செயலிழந்தால் மதகு பூட்டிக்கொண்டது. இனிப்பு நீரும் இருந்தால் கால்வாயும் தூர்ந்துபோயிருக்கிறது.

அந்த மதகு வேலை செய்யும் விதமே தனி. சிறுநீரகம் முதலில் பொட்டாசியத்தை வடிகட்டி, பிறகு அதில் பெரும்பகுதியைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. வெளியே போக வேண்டிய அளவைக் குழாயின் கடைசிப் பகுதியில் இருக்கிற செல்கள்தான் முடிவு செய்கின்றன. சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அனுப்பும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் கட்டளை கொடுத்தால், அந்தச் செல்கள் சோடியத்தை வாங்கிக்கொண்டு பொட்டாசியத்தைச் சிறுநீரில் விடும். சிறுநீரகம் பாதி பழுதானாலும் மீதமுள்ள வடிகட்டிகள் கூடுதலாக உழைத்துச் சமாளித்துவிடும். அதனால்தான் பலருக்குக் கடைசிக் கட்டம் வரை பொட்டாசியம் ஏறுவதில்லை. நீண்ட காலம் இனிப்பு நீர் உள்ளவர்கள் சிலருக்கு மட்டும் அந்த ஹார்மோன் கட்டளையே பலவீனமாகிவிடுவதால், சிறுநீரகம் ஓரளவு நன்றாக இருக்கும்போதே பொட்டாசியம் ஏறலாம். எங்கள் ஊரில் இனிப்பு நீர் இல்லாத வீடு குறைவு. அதனால் டயாலிசிஸ் தொடங்காதவர்களும் இந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, இளநீருக்கு வருவோம். ஒரு டம்ளர் இளநீரில் ஏறக்குறைய 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. நம் ஊர்க் காய் பெரிதாக இருந்தால் இரண்டு டம்ளருக்குக் கொஞ்சம் குறைவாகத் தேறும். 1,000 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சுமார் 26 மில்லிமோல். செல்களுக்கு வெளியே நம் உடம்பில் இருக்கும் நீர் ஏறத்தாழ 14 லிட்டர். அந்த 26 முழுவதும் அதிலேயே தங்கிவிட்டால் ரத்த எண் 1.8 ஏறும். டயாலிசிஸுக்கு முந்தின நாள் 5.5இல் இருக்கிறவர் 7.3க்குப் போய்விடுவார். இன்சுலின் உதவுவதால் நிஜத்தில் அவ்வளவு ஏறாது. ஆனால் அந்த உதவி எவ்வளவு கிடைக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் இருப்பது 400 மில்லிகிராம் சொச்சம். வாழைப்பழத்துக்குப் பயப்படுகிறவர்கள் இளநீரை ‘வெறும் தண்ணிதானே’ என்று குடிப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது.

சமையலறையில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

பொட்டாசியம் தண்ணீரில் கரையும். காய்கறியை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் பொட்டாசியத்திலும் ஒரு நல்ல பங்கு போய்விடும். உருளைக்கிழங்கை வைத்துச் செய்த ஆய்வுகளில், சிறு துண்டுகளாக்கி வேகவைத்து நீரை வடித்தால் பாதி குறைந்தது. துருவி வேகவைத்தால் முக்கால் பங்கு குறைந்தது. இரவெல்லாம் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து மட்டும் எடுத்தால் பெரிதாக எதுவும் குறையவில்லை. ஆகவே ஊறவைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தோலைச் சீவி, சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, வடித்துக் கொட்டி, அதற்குப் பிறகு தாளிக்க வேண்டும்.

நம் சமையல் இதற்கு நேர் எதிராகப் போகிறது. காய் வெந்த தண்ணீரைக் கொட்டுவது நம் வீடுகளில் பாவம் மாதிரி. பருப்பு வெந்த நீர் ரசத்துக்குப் போகும். கீரை வெந்த நீரிலேயே கீரையை மசிப்போம். முருங்கைக்காயும் கத்தரிக்காயும் குழம்பிலேயே வேகும். புளி, தக்காளி, பருப்பு என்று பொட்டாசியம் நிறைந்த மூன்று பொருளும் சேர்ந்த சாறுதான் ரசம். காய்ச்சல்காரருக்கு அது நல்ல மருந்து. டயாலிசிஸ் நோயாளிக்கோ, குடிக்கிற தண்ணீரையே அளந்து குடிக்க வேண்டிய நிலையில், தண்ணீரும் பொட்டாசியமும் சேர்ந்து உள்ளே போகிறது. அதனால் எங்கள் வீட்டில் அம்மாவுக்குக் குழம்பில் இருக்கும் காயை எடுத்து வைப்பேன், குழம்பை ஒரு கரண்டிக்கு மேல் ஊற்றமாட்டேன். சாம்பாரை விலக்கவில்லை, பருப்பைத் தனியாக வேகவைத்து நீரை வடித்து, கொஞ்சமாகப் போட்டு, புளியைக் குறைத்துச் செய்கிறேன். முட்டைக்கோஸ், தவுகே (முளைப்பயறு), வெள்ளரி, பீர்க்கங்காய் ஆகியவற்றில் இயல்பாகவே குறைவு. பழத்தில் ஆப்பிளும் அன்னாசியும் அளவோடு சாப்பிடலாம். தேங்காய்ப்பால் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, தாளிக்கும்போது மேலே ஒரு தேக்கரண்டி தேங்காய்ப்பூ தூவுகிறேன். வாசனைக்கு அது போதும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. காய்கறியில் இருக்கும் பொட்டாசியம் முழுவதும் உடம்பில் ஏறாது; நார்ச்சத்தோடு கட்டுண்டு ஒரு பங்கு மலத்தோடு போய்விடும். ஆனால் சாசேஜ், நகெட் போன்ற பாக்கெட் உணவுகளில் பதப்படுத்தச் சேர்க்கிற பொட்டாசிய உப்புகள் கிட்டத்தட்ட முழுசாக ஏறிவிடும். கீரைக்குப் பயந்து பேரப்பிள்ளையின் சாசேஜைச் சாப்பிடுகிற பாட்டிக்கு நல்லது ஒன்றும் நடக்காது.

அதைவிட ஆபத்து ‘சோடியம் குறைந்த உப்பு’. அம்மா அப்பாவின் ரத்தக் கொதிப்புக்கு நல்லது என்று நினைத்து, வெளியூரில் வேலை செய்கிற பிள்ளைகள் பாசத்தோடு வாங்கி வருகிறார்கள். பாக்கெட்டின் பின்பக்கம் படித்துப் பாருங்கள். சோடியத்தைக் குறைத்த இடத்தில் பெரும்பாலும் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. அம்மா மரத்தடியில் வீசிய அதே பொருள். சிறுநீரகம் பழுதானவர்கள் வீட்டில் அது இருக்கவே கூடாது.

வெளியேறும் வழியைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் பொட்டாசியம் சாப்பிட்டால் வாரத்துக்கு 14 கிராம். ஒரு டயாலிசிஸ் சுமார் 3 கிராம் எடுக்கும் என்றால் மூன்று முறைக்கு 9 கிராம். மீதி எங்கே போகிறது? சிறுநீர் இன்னும் கொஞ்சம் போகிறவர்களுக்கு அதில் போகும். மற்றபடி பெருங்குடல்தான். சிறுநீரகம் நன்றாக இருக்கும்போது பத்தில் ஒரு பங்கை மட்டும் வெளியேற்றிக்கொண்டிருந்த குடல், சிறுநீரகம் கைவிட்ட பிறகு கால் பங்குக்கு மேல்கூட வெளியேற்றக் கற்றுக்கொள்கிறது. ஆகவே மலச்சிக்கல் என்பது டயாலிசிஸ் நோயாளிக்குச் சில்லறைத் தொந்தரவு கிடையாது. தண்ணீரைக் குறைத்து, காய்கறியைப் பயந்து ஒதுக்கி, இரும்புச்சத்து மாத்திரையும் போட்டால் மலம் கட்டத்தான் செய்யும். கட்டினால் பொட்டாசியம் ஏறும். பெரியவர்கள் இதை வெட்கப்பட்டு டாக்டரிடம் சொல்வதில்லை. நான் மிஸ்ஸியிடம் (மையத்துத் தாதியிடம்) நேராகவே கேட்டுவிடுகிறேன். இதற்குப் பாதுகாப்பான மருந்து இருக்கிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு வெள்ளியிலிருந்து திங்கள் வரைதான் நீண்ட இடைவெளி. நம் கல்யாணங்கள், காதுகுத்து, கருமாதிச் சாப்பாடு எல்லாம் பெரும்பாலும் சனி, ஞாயிறில்தான் நடக்கும். 2011இல் அமெரிக்காவில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளை வைத்து வெளியான ஓர் ஆய்வு, மற்ற நாள்களைவிட அந்த நீண்ட இடைவெளி முடிகிற நாளில் மரணமும் மாரடைப்பும் அதிகம் என்று காட்டியது. பொட்டாசியமும் உடம்பில் தேங்கிய நீரும் உச்சத்தில் இருப்பது அப்போதுதான். அதற்காக விருந்துக்குப் போகவே கூடாது என்று அம்மாவை வீட்டில் உட்கார வைப்பதை நான் ஏற்கமாட்டேன். சொந்தபந்தத்தைப் பார்க்காமல் மனது செத்துப்போனால் உடம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? போகிறோம். இலையில் சோறு, ஒரு பொரியல், கறித்துண்டு, அப்பளம். ரசமும் பாயாசமும் இல்லை. அந்த வார இறுதியில் வீட்டுச் சாப்பாட்டை இன்னும் இறுக்கிக்கொள்கிறோம். ஆசைப்பட்ட ஏதாவது ஒன்றைக் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டுமானால், இடைவெளி குறைவாக இருக்கிற வார நாளில் சாப்பிடட்டும். டுரியான் சீசனில் இந்த ஏற்பாடுதான் எங்கள் வீட்டில் அமைதியைக் காப்பாற்றுகிறது. அதுவும் ஒரே ஒரு சுளை, டயட்டீஷியனிடம் கேட்ட பிறகு.

விருந்துக்கு நேர் எதிரான விரதத்திலும் ஆபத்து இருக்கிறது என்றால் பலர் நம்பமாட்டார்கள். நாள் முழுக்கப் பட்டினி கிடந்தால் இன்சுலின் இறங்கிவிடும். செல்களுக்குள் இருந்த பொட்டாசியம் மெல்ல ரத்தத்துக்கு வரும். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும்; அம்மா போன்றவர்களுக்கு ஒன்றுமே சாப்பிடாமலேயே எண் ஏறும். தைப்பூசத்துக்கும் கந்த சஷ்டிக்கும் கடுமையாக விரதம் இருந்து பழகிய தலைமுறை இது. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார், மூன்று வேளையும் கொஞ்சம் கொஞ்சம் சாப்பிடுங்கள் என்று நான் எல்லாரிடமும் கெஞ்சுகிறேன்.

அடுத்தது நாட்டு மருந்து. ‘கிட்னிக்கு நல்லது’ என்று சொல்லி மீசாய் கூச்சிங் (பூனைமீசை) இலையைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்கிறவர் ஒவ்வொரு பசாரிலும் இருக்கிறார். அந்த இலையிலேயே பொட்டாசியம் அதிகம். நோனிப் பழச்சாறும் அப்படித்தான். பிளிம்பிங் என்று நாம் சொல்லும் நட்சத்திரப் பழம் எல்லாவற்றையும்விட மோசம். அதில் இருக்கும் நரம்பு நஞ்சை, காரம்பாக்ஸின் என்று பெயரிட்டு, பிரேசில் ஆராய்ச்சியாளர்கள் 2013இல் அடையாளம் காட்டினார்கள். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பழுதானவர்களுக்கு நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு என்று போய் உயிரே போயிருக்கிறது. எங்கள் ஊரில் வேலி ஓரம் சும்மா காய்த்துக் கிடக்கும் பழம் அது. தெரியாமல் ஒருவர் பறித்துக் கொடுத்துவிடலாம்.

மருந்துகளைப் பற்றி இரண்டு வரி. பெரிண்டோபிரில், லோசார்ட்டான் போன்ற ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் பொட்டாசியத்தை ஏற்றலாம். ஆனால் அவைதான் சிறுநீரகத்தையும் இதயத்தையும் காக்கிறவை என்பதால் தாமாக நிறுத்தக் கூடாது. ரத்தம் எடுத்துப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோபெனாக் வேறு. டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கு மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும், பொட்டாசியத்தையும் ஏற்றும். தோட்ட வேலை செய்தவர்களுக்கு மூட்டு வலி இல்லாமல் இருக்காது. வலிக்கு என்ன போடலாம் என்று கிளினிக்கில் கேட்டுத்தான் போட வேண்டும்.

கடைசியாக, அவசரத்தில் என்ன செய்வது. பொட்டாசியம் ஏறுவது பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. காட்டினால் கால் தசை துவண்டு எழுந்து நிற்க முடியாமல் போவது, நெஞ்சுத் துடிப்பு மெதுவாவது, மயக்கம் என்று வரும். 6.5ஐத் தாண்டினால் ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுப்பார்கள். கால்சியம் ஊசி இதயத்தைச் சிறிது நேரம் காத்துக்கொள்ளும். அது பொட்டாசியத்தைக் குறைக்காது. இன்சுலினும் குளுக்கோஸும் சேர்த்துக் கொடுப்பதும், ஆஸ்துமாவுக்குக் கொடுக்கிற சால்புட்டமால் புகையும் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளும். சில மணி நேரத்தில் அது திரும்ப வெளியே வரும். உடம்பை விட்டு உண்மையாகவே வெளியேற்றுவது டயாலிசிஸ்தான். ஆகவே மழை, வேன் வரவில்லை, உடம்பு அலுப்பு என்று ஒரு டயாலிசிஸை விட்டுவிட்டு இரண்டு நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே மையத்துக்குப் போன் செய்து மாற்று நேரம் கேளுங்கள். எமர்ஜென்சியில் கொண்டுபோய்ச் சேர்த்தால், கவுண்டரில் பேர் சொல்லும்போதே இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்: இவர் டயாலிசிஸ் நோயாளி, கடைசியாகச் செய்தது இந்தத் தேதி.